செவிலியக் கோட்பாடும் ஆய்ந்தறியும் சிந்தனையும்

(செம்பூரில், செவிலியர் பயிற்சி மாணவ மாணவியரும் பொது நலத்துறை அலுவலர்களும் கூடியிருந்த அவையில், ஓய்வுபெற்ற செவிலிய ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



செம்பூர் நிலையத்தில் ஹார்பர் பாதை ரயிலில் ஏறி, குர்லாவில் வண்டி மாறிப் பரேலில் இறங்கினால், சிறிது தொலைவில் கே.ஈ.எம். மருத்துவமனை இருக்கிறது. 1926ஆம் ஆண்டு முதல் மும்பை மாநகராட்சியின் பொறுப்பில் ஏழை எளியவர்களுக்குப் பணியாற்றி வரும் பெரிய மருத்துவமனை அது. அங்குள்ள நான்காம் எண் வார்டைச் சேர்ந்த ஒரு சிறு அறையை, செவிலியத் தொழிலைக் கற்கும் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். கோட்பாடு என்றால் என்ன, சிந்தித்துப் பணியாற்றுவது என்றால் என்ன என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அந்த அறையிலேயே விடை கிடைக்கிறது.

அருணா ஷான்பாக் அந்த மருத்துவமனையில் பணியாற்றிய இளம் செவிலியர். கர்நாடகத்தின் ஹல்திப்பூரிலிருந்து வந்தவர். 1973ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், பணியிடத்திலேயே அவர்மீது கொடிய தாக்குதல் நிகழ்ந்தது. கழுத்து இறுக்கப்பட்டதால் மூளைக்குச் செல்லும் உயிர்வளி தடைப்பட்டது. அன்று முதல் 2015ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் உயிர் பிரியும்வரை, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அம்மருத்துவமனையிலேயே கிடந்தார். பார்க்க இயலாது, பேச இயலாது, தானாக நடக்க இயலாது. அவரைப் பராமரித்தவர்கள் அங்கிருந்த செவிலியர்கள். ஒரு தலைமுறை ஓய்வுபெற, அடுத்த தலைமுறை அப்பொறுப்பை ஏற்றது.

இதனை அன்பின் கதையாகவே நாடு பேசி வந்திருக்கிறது. அன்பின் கதைதான்; அதில் ஐயமில்லை. ஆயினும், அன்பின் கதை என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், அச்செவிலியரின் அறிவுக்கு நாம் பெரும் அநீதி இழைத்தவர்கள் ஆவோம். இன்று நான் வற்புறுத்த விரும்பும் கருத்து இது ஒன்றே.

அன்பு ஒரு கூறு, அறிவு முதற்கூறு

செவிலியம் என்பது இரக்கமுள்ள பெண்கள் இயல்பாகச் செய்யும் தொண்டு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றி இருக்கிறது. நம் பழைய நூல்கள் அப்படிக் கருதவில்லை. மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என நான்காகப் பகுத்து, நான்காமவரையும் மற்ற மூவரோடு ஒப்பவைத்து எண்ணுகிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். சரக சங்கிதையும் இந்நான்கையே கூறி, பணி செய்பவருக்கு வேண்டிய தகுதிகளையும் எண்ணிச் சொல்கிறது. பணிவிடை முறைகளைப் பற்றிய அறிவு, கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை என்பவை அந்நான்கு. அன்பு அவற்றுள் ஒன்று; அறிவு முதலில் நிற்கிறது. இவ்வரிசையை நாம் மறந்துவிட்டோம்.

புதிய காலத்தில் இவ்வறிவுக்கு முறையான வடிவம் கொடுத்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின்போது ஸ்குடாரி மருத்துவமனையில் அவர் கையில் விளக்கு இருந்ததை எல்லோரும் அறிவர். அதே கையில் கணக்கேடு இருந்ததை அறிந்தவர் சிலரே. காயத்தால் இறந்தவர்களைக் காட்டிலும், தடுக்கக்கூடிய தொற்று நோய்களால் இறந்தவர்களே மிகுதி என்பதை அவர் புள்ளிவிவரங்களால் நிறுவினார். தூய காற்று, தூய நீர், கழிவுநீர் வடிகால், தூய்மை, வெளிச்சம் என்னும் ஐந்தையும் நோயாளியைச் சுற்றி அமைத்துக் கொடுத்தால் இயற்கை தன் பணியைச் செய்யும் என்பது, 1859ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய செவிலியக் குறிப்புகள் என்னும் நூலின் சாரம். சுற்றுச்சூழல் கோட்பாடு என்று இன்று நாம் படிப்பது இதுவே.

அவருக்குப் பின் பலர் வந்தனர். ஹில்டிகார்ட் பெப்லவ் 1952இல் செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே சிகிச்சையின் கருவியாகக் கண்டார். வர்ஜீனியா ஹெண்டர்சன் மனிதனின் அடிப்படைத் தேவைகளைப் பதினான்காக வகுத்தார். டொரதியா ஓரெம் 1971இல் தற்பராமரிப்புக் கோட்பாட்டை வெளியிட்டார். தேர்வுக்காக இப்பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு கோட்பாடும் ஒரு கேள்வி. அக்கேள்வியை நோயாளியின் படுக்கையருகே நின்று கேட்கத் தெரிந்தால் கோட்பாடு உயிர்பெறும். இல்லையேல் அது விடைத்தாளோடு முடிந்துவிடும்.

ஹெண்டர்சனின் பட்டியலையே எடுத்துக் கொள்ளுங்கள். மூச்சு விடுதல், உண்ணல், கழிவு நீக்கம், அசைதல், உறங்குதல், உடுத்தல், உடல் வெப்பம் காத்தல், உடலின் தூய்மையும் தோலின் பாதுகாப்பும், ஆபத்தைத் தவிர்த்தல், கருத்தைத் தெரிவித்தல், வழிபடுதல், பணி செய்தல், பொழுதுபோக்கு, கற்றல். இப்பதினான்கையும் ஒருவர் தாமே நிறைவேற்றிக் கொள்ளத் தேவையான வலிமையோ மனத்திட்பமோ அறிவோ இல்லாதபோது, எது குறைகிறதோ அதை மட்டும் செவிலியர் நிரப்ப வேண்டும் என்றார் அவர். அருணா ஷான்பாக்கிடம் ஏறத்தாழ எல்லாமே குறைந்திருந்தன. ஓரெம் இத்தகைய நிலையை முழு ஈட்டு முறை என்று வகைப்படுத்துகிறார். நோயாளியின் தற்பராமரிப்பு முழுவதையும் செவிலியரே ஏற்கும் நிலை அது.

தோல் சொல்லும் சாட்சி

படுக்கையில் கிடந்த 37 ஆண்டுகளில் அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட ஏற்படவில்லை என்ற செய்தி, உச்ச நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வியப்போடு பதிவாகியிருக்கிறது. வார்டில் பணியாற்றாதவர்களுக்கு இது ஒரு சிறிய செய்தியாகத் தோன்றலாம். பணியாற்றியவர்கள் இதன் முன் தலை வணங்குவார்கள்.

படுக்கைப் புண் எவ்வாறு தோன்றுகிறது? எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோலும் தசையும் நசுங்குகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழுந்தி மூடிக் கொள்கின்றன. உயிர்வளி பெறாத திசு மடிகிறது. இடுப்பின் பின்புறம், குதிகால், தொடை எலும்பின் வெளிப்புறம், தோள்பட்டை, பிடரி ஆகிய இடங்களில் இது முதலில் நிகழும். நல்ல உடல்நிலை உள்ளவர் உறக்கத்திலும் தம்மையறியாமல் புரண்டு படுத்து இதைத் தவிர்த்துக் கொள்கிறார். அசைய இயலாதவருக்குச் சில மணி நேரமே போதும், கேடு தொடங்கிவிடும். வியர்வையும் சிறுநீரும் தோலை ஊறச் செய்கின்றன. விரிப்பில் இழுத்து நகர்த்தினால் தோல் உராய்கிறது. புரதம் குறைந்த உணவு தோலின் வலிமையைக் குறைக்கிறது.

ஆகவே, படுக்கைப் புண்ணைத் தடுப்பது ஒரே செயலன்று. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுவது ஒன்று. தோலை உலர்வாக வைப்பது மற்றொன்று. தூக்கி நகர்த்துவது, விரிப்பின் மடிப்புகளை நீக்குவது, உணவைக் கவனிப்பது, சிவந்த இடத்தை நாள்தோறும் கண்டறிவது என்று பல செயல்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. பாடநூல் விதிப்படி இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுவதென்றால் நாளொன்றுக்கு 12 முறை. ஆண்டுக்கு 4,380 முறை. 37 ஆண்டுகளுக்கு ஒரு இலட்சத்து அறுபத்திரண்டாயிரம் முறைக்கு மேல். இரக்கம் ஒரு வாரம் ஓடும். ஒரு மாதமும் ஓடலாம். இத்தனை ஆண்டுகள் ஓடுவதற்கு இரக்கத்தை முறையாக மாற்றும் அறிவு வேண்டும்.

நைட்டிங்கேல் படுக்கைப் புண்ணைப் பெரும்பாலும் நோயின் குற்றமாக அன்றிப் பராமரிப்பின் குற்றமாகவே எண்ணினார். 1962இல் இங்கிலாந்தில் டோரின் நார்ட்டன், யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட ஓர் அளவுகோலை வகுத்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், கழிவுக் கட்டுப்பாடு என்னும் ஐந்துக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டினால், 20க்கு 14 அல்லது அதற்குக் கீழ் வருபவர் ஆபத்தில் இருப்பவர். 1987இல் பிரேடன், பெர்க்ஸ்ட்ராம் ஆகிய இருவரும் வெளியிட்ட அளவுகோல் ஈரம், உணவு, உராய்வு ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டது. ஐம்பது படுக்கைகள் உள்ள வார்டில் கைகள் நான்கு இருக்கும்போது, முதலில் யாரிடம் செல்வது? அதைத் தீர்மானிக்க இவ்வளவுகோல் உதவுகிறது. கோட்பாடு ஏழைக்கு எட்டாத ஆடம்பரம் என்று சொல்வோருக்கு என் மறுமொழி இது: ஆட்கள் குறைவான இடத்தில்தான் கோட்பாடு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்றம் அமைத்த மருத்துவர் குழு அருணாவைப் பரிசோதித்தபோது, அவருடைய கை கால் மூட்டுகள் மடங்கி இறுகியிருந்ததையும் கண்டது. தோல் காக்கப்பட்டது, மூட்டுகள் காக்கப்படவில்லை. மூளைச் சேதத்தால் வரும் இறுக்கத்தை முற்றிலும் தடுப்பது எளிதன்று. ஆயினும், நல்ல பணியையும் அளந்து பார்ப்பதே ஆய்ந்தறியும் சிந்தனை. புகழ்வதற்காக அளவுகோலைத் தள்ளி வைப்பது அச்சிந்தனைக்கு ஒவ்வாது.

ஓசையின் பொருள்

ஆய்ந்தறியும் சிந்தனை என்று நான் குறிப்பிடுவது எது? என் சொந்தத் தவறு ஒன்றைக் கொண்டே அதனை விளக்குகிறேன்.

பயிற்சி முடித்த முதலாண்டு அது. மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டாம். மாதுங்கா லேபர் கேம்ப் பகுதியைச் சேர்ந்த தமிழ் முதியவர் ஒருவர் பக்கவாதத்தால் பேச்சிழந்து வார்டில் இருந்தார். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. இரவுப் பணியில் நான் இருந்தபோது, நள்ளிரவுக்குப் பின் அவர் முனகத் தொடங்கினார். போர்வையை இழுத்தார், எழ முயன்றார். அமைதியின்றி இருந்தால் தூக்க மருந்து கொடுக்கலாம் என்று கேஸ் பேப்பரில் எழுதியிருந்தது. கொடுத்தேன். நேரத்தையும் அளவையும் பிழையின்றிப் பதிவு செய்தேன். அவர் அடங்கினார். எனக்கு மனநிறைவாகவே இருந்தது.

விடியற்காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் சுற்றி வந்தார். சிறுநீர்ப் பையைப் பார்த்தார். அது ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. முதியவரின் அடிவயிற்றில் கை வைத்தார். கல்லைப் போல் இறுகியிருந்தது. குழாய் அவருடைய தொடைக்கடியில் மடங்கி நசுங்கியிருந்தது. அதைச் சீர்செய்தபின் என்னிடம் திரும்பி, “மருந்து கொடுத்தாய், சரி. அவரைப் பார்த்தாயா?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

எந்த விதியையும் நான் மீறவில்லை. ஆணைப்படி நடந்தேன். ஆனால் அந்த முனகல் எதைச் சொல்கிறது என்று ஒரு கணமும் எண்ணவில்லை. வலியைச் சொல்ல முயன்ற ஒருவரின் வாயை மருந்தால் மூடிவிட்டேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த இரவு என்னை விட்டு நீங்கவில்லை.

இத்தகைய செயலுக்கு ஐடா ஜீன் ஆர்லாண்டோ 1961இலேயே பெயர் சூட்டியிருந்தார் என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். நோயாளியின் அப்போதைய தேவையை ஆராயாமல், ஆணையின்படியோ வழக்கத்தின்படியோ செய்வது இயந்திரச் செயல். அவருடைய நடத்தையைக் கண்டு, அதன் பொருள் இதுவாக இருக்கலாமோ என்று கருதி, அக்கருத்து சரிதானா என்பதை அவரிடமே உறுதி செய்துகொண்டு, செய்தபின் பயன் விளைந்ததா என்று மீண்டும் பார்ப்பது எண்ணிச் செய்யும் செயல். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். நோயாளிக்கு மட்டுமே வேறுபாடு தெரியும்.

இப்போது அந்த நான்காம் எண் வார்டுக்குத் திரும்புவோம். அருணாவுக்குப் பேச்சில்லை. ஆனால் கழிவு நீக்கத் தேவை எழும்போது அவர் எழுப்பும் ஓசையைச் செவிலியர் அடையாளம் கண்டு உடனே கவனித்து வந்தனர் என்று மருத்துவமனையின் வாக்குமூலம் கூறியது. முகக்குறிப்பைக் கொண்டு அவருக்குப் பிடித்த உணவு எது, பிடிக்காதது எது என்றும் அறிந்திருந்தனர். மருத்துவ நோக்கில் பொருளற்றதாகக் கருதப்பட்டிருக்கக்கூடிய ஓர் ஓசை, அவர்களுடைய செவியில் மொழியாயிற்று. ஒருவர் கண்டதை அடுத்த பணிமுறைக்கு வருபவரிடம் சொன்னார். அவர் அதைச் சோதித்தார். சரியென்று கண்டபின் அது வார்டின் பொது அறிவாயிற்று. உற்று நோக்கல், கருதுகோள், சோதனை, உறுதி செய்தல் என்னும் அறிவியலின் படிகள் எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன. செவிலிய நடைமுறை என்று பாடநூலில் காணும் மதிப்பீடு, தேவையை இனங்காணல், திட்டமிடல், செயற்படுத்தல், பயனறிதல் ஆகிய ஐந்து படிகளும் இவையே. நோயை மருத்துவர் இனங்காண்பது போல, நோயாளியின் தேவையைச் செவிலியர் இனங்காண்பதற்கும் ஒரு வகைப்பாடு வேண்டும் என்று முதல் தேசிய மாநாடு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடியதும் அதே 1973ஆம் ஆண்டில்தான்.

இத்திறன் ஒரே நாளில் வருவதன்று. புதியவர் விதியைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார்; அனுபவம் மிக்கவர் சூழலை முழுமையாகக் காண்கிறார். பட்ரீசியா பென்னர் 1984இல் இவ்வளர்ச்சியை ஐந்து நிலைகளாக விளக்கினார். என் இன்சார்ஜ் சிஸ்டர் அந்நூலைப் படித்திருக்க வழியில்லை. ஆயினும் அவர் ஐந்தாம் நிலையில் நின்றார்; நான் முதல் நிலையில் நின்றேன். அவர் கேட்ட ஒரு கேள்வியே என்னை அடுத்த படிக்கு ஏற்றியது.

இடத்துக்கேற்ற சிந்தனை

கோட்பாடுகள் பெரும்பாலும் மேலை நாடுகளில் பிறந்தவை. அவற்றை நம் இடத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் அவையே தவறான வழிகாட்டிகள் ஆகிவிடும். இதற்கு வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. தாராவி நம் அருகிலேயே இருக்கிறது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தாராவியில் கொரோனா நோயாளி ஒருவர் முதன்முதலாகக் கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழும் இடம் அது. தனி அறையில் இருங்கள், தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள் என்பது நூலில் உள்ள அறிவுரை. பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுப் பேர் வாழ்ந்து, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் குடும்பத்திடம் அதைச் சொன்னால், சொன்னவருக்குக் கடமை முடிந்தது என்ற நிறைவு கிடைக்கும்; கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. அன்று மாநகராட்சியின் மருத்துவர்களும் செவிலியர்களும் சுகாதாரத் தொண்டர்களும் நோய் தம்மை நாடி வரும்வரை காத்திராமல், வீடு வீடாகவும் காய்ச்சல் முகாம்களிலும் நோயைத் தேடிச் சென்றனர். வீட்டில் தனிமை இயலாதென்பதால், பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தனிமை இடங்கள் அமைக்கப்பட்டன. பொதுக் கழிப்பறைகள் திரும்பத் திரும்பக் கிருமி நீக்கம் செய்யப்பட்டன. நைட்டிங்கேல் கூறிய தூய சூழலை வீட்டுக்குள் அமைக்க முடியாதபோது, அதனை வீட்டுக்கு வெளியே அமைத்துக் கொடுத்தார்கள். கோட்பாட்டின் சொல்லை விட்டு அதன் கருத்தைப் பிடித்துக் கொள்வது என்பது இதுதான்.

ஒவ்வொரு நாளும் நீங்கள் இதைச் செய்ய வேண்டியிருக்கும். நீரிழிவு நோயாளியிடம் வேளை தவறாமல் உண்ண வேண்டும் என்று சொல்லுமுன், அவர் எத்தனை மணிக்குத் தொழிற்கூடத்துக்குச் செல்கிறார் என்று கேளுங்கள். காசநோய் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று சொல்லுமுன், அவர் ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். மராத்தியோ இந்தியோ தெரியாத மூதாட்டி எல்லாவற்றுக்கும் தலையசைத்தால், புரிந்தது என்று எழுதிவிடாதீர்கள். தலையசைப்பும் ஓர் ஓசையைப் போன்றதே. அதன் பொருளையும் உறுதி செய்ய வேண்டும்.

அன்பையும் ஆராய்தல்

இனி, கடினமான ஒரு பகுதிக்கு வருகிறேன். அருணாவுக்கு உணவு செலுத்துவதை நிறுத்தி, அவரை அமைதியாக இறக்க விட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். கே.ஈ.எம். செவிலியர் அதனை எதிர்த்தனர். இயற்கை முடிவு வரும்வரை பராமரிப்போம் என்றனர். 2011ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அவர் சார்பில் முடிவு கூறும் உரிமை, நாள்தோறும் அவரைப் பராமரித்து வந்த மருத்துவமனைப் பணியாளர்களுக்கே உண்டு என்று நீதிமன்றம் கருதியது, மனுவை ஏற்கவில்லை. அதே தீர்ப்பு, மீள வழியற்றவருக்கு உயிர் நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு, உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு, முதன்முறையாக வழி வகுத்தது. பின்னர் 2018இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒருவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. 2023இல் அதற்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது.

நம் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு வார்டுச் செவிலியரின் சொல்லுக்கு இத்துணை மதிப்பளித்ததை எண்ணி நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. செவிலியர் விரும்பியது அதுவே. அருணா விரும்பியிருக்கக் கூடியதும் அதுவேதானா? ஹெண்டர்சனின் வரையறை நோயாளிக்கு உடல்நலம் பெற உதவுவதோடு, அமைதியான மரணத்துக்கு உதவுவதையும் செவிலியப் பணியாகவே கூறுகிறது. மேலும், ஆற்றல் இருந்தால் நோயாளி தாமே எதைச் செய்துகொள்வாரோ அதையே செவிலியர் செய்ய வேண்டும் என்கிறது. நம் அன்பு விரும்புவதைச் செய்யச் சொல்லவில்லை. நீண்ட நாள் பராமரித்தவர், நோயாளியின் விருப்பத்தையும் தம் பற்றையும் பிரித்தறிவது மிகவும் கடினம்.

அச்செவிலியர் செய்தது தவறு என்று நான் கூறவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் வேண்டியிருப்பேன். ஆனால் அக்கேள்வியை எழுப்பியவரைப் பகைவராக எண்ணக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லுவேன். படுக்கையருகே கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்றில்லை. நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பத்தைப் பொறுமையோடு கேட்டுப் பதிவு செய்து வைத்தால், பின்னாளில் எவரும் ஊகிக்க வேண்டிய நிலை வராது. அக்கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு மற்ற எவரையும்விடச் செவிலியருக்கே மிகுதி.

அலுவலர்களின் கவனத்துக்கு

சிந்தித்துப் பணியாற்றுங்கள் என்று மாணவர்களுக்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டு நான் அமர்ந்தால் அது நியாயமாகாது. சிந்திப்பதற்கு நேரமும் பாதுகாப்பும் மதிப்பும் வேண்டும். அவற்றை அளிக்க வேண்டியது நிர்வாகம். நான்கு செய்திகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, எண்ணிக்கை. பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெடுநாளைய அளவுகோல். நாற்பது பேருக்கு ஒருவர் என்று நிறுத்திவிட்டு, ஏன் அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

இரண்டாவது, பணி மாறும் நேரம். ஒரு செவிலியர் அறிந்தது அடுத்தவருக்குச் செல்லும் வாயில் அதுவே. அந்தக் கால் மணி நேரத்தை வீணெனக் கருதிக் குறைக்காதீர்கள். அருணாவின் ஓசையின் பொருள் தலைமுறை கடந்து வந்தது அவ்வாயில் வழியாகத்தான்.

மூன்றாவது, பதிவேடு. இன்றைய படிவங்களில் பெரும்பாலானவை செய்த செயலுக்குக் குறியிடவே இடம் தருகின்றன. என்ன கண்டேன், என்ன கருதினேன், ஏன் இதைச் செய்தேன் என்று செவிலியர் எழுத நான்கு வரி இடம் கொடுங்கள். மருத்துவர் அதைப் படிக்க வேண்டும் என்ற நடைமுறையையும் ஏற்படுத்துங்கள். எவரும் படிக்காத இடத்தில் எவரும் சிந்தித்து எழுதுவதில்லை.

நான்காவது, பாதுகாப்பு. இவ்வரலாறு முழுவதும் ஒரு செவிலியர் தம் பணியிடத்தில் தாக்கப்பட்டதில் தொடங்கியது என்பதை மறக்க முடியாது. அதன்பின் மும்பைச் செவிலியர், அருணாவுக்கு உரிய பராமரிப்பையும் தங்களுக்குத் தக்க பணிச் சூழலையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். 1980களில் அவரை வேறிடத்துக்கு மாற்ற முயற்சி நடந்தபோதும் அவர்களே எதிர்த்து நின்று அதைக் கைவிடச் செய்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின், 2024இல், கொல்கத்தாவில் இளம் மருத்துவர் ஒருவர் மருத்துவமனைக்குள்ளேயே கொல்லப்பட்டபோது, அதே கேள்வி மீண்டும் நாட்டின் முன் எழுந்தது. அஞ்சி நிற்பவரால் பிறர் துன்பத்தை நிதானமாக உற்று நோக்க இயலாது.

1946இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப் படிப்பு தொடங்கியது. 1947இல் செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர், மகப்பேற்றுத் துணையாளர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. சட்டமும் பாடத்திட்டமும் வளர்ந்திருக்கின்றன. வார்டில் நிற்கும் செவிலியரின் தீர்ப்புக்குக் கிடைக்கும் மதிப்பு அதே அளவில் வளரவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இனி நம் பணி.

மாணவ மாணவியரே, நாளை நீங்கள் வார்டுக்குச் செல்லும்போது உங்கள் கையில் கேஸ் பேப்பர் இருக்கும். அதில் ஆணைகள் இருக்கும். அவற்றைத் தவறாமல் நிறைவேற்றுங்கள். ஆனால் மருந்தை எடுக்குமுன் ஒரு கணம் நின்று நோயாளியைப் பாருங்கள். அவர் எழுப்பும் ஓசைக்கு என்ன பொருள் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியவில்லையென்றால், இருபது ஆண்டுகளாக அதே வார்டில் தரை துடைக்கும் மாவுசியைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கலாம். கேட்பதில் இழிவில்லை. கேளாமல் கொடுத்த ஒரு மாத்திரையை நான் இன்றும் சுமந்து கொண்டிருக்கிறேன். அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதனை உங்கள்முன் சொன்னேன்.